பிழியும் முன் உருட்டுங்கள்

கேள்வி: எலுமிச்சம்பழத்தைக் கை வலிக்கப் பிழிந்தாலும் நாலு சொட்டுதான் வருகிறது. குறை பழத்திலா, கையிலா?

பதில்: பாதிக் குறை கடையிலேயே பைக்குள் ஏறிவிடுகிறது. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியிலிருந்து வந்த பழமே ஆனாலும், தோல் மெலிந்து கையில் கனத்தால்தான் உள்ளே சாறு உண்டு. தடித்த தோலோடு பருத்திருப்பது கண்ணை மட்டும் நிறைக்கும்.

மீதிக் குறை வீட்டில் தீரும். சுளைக்குள் சாறு சின்னஞ்சிறு பைகளில் அடைபட்டிருக்கிறது. பழத்தை மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் அவை உடையும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழம் விறைத்திருக்கும்; சற்று நேரம் வெதுவெதுப்பான நீரில் போட்டுவிட்டு உருட்டலாம்.

பிழியும் கருவியில்தான் பலர் தவறுகிறார்கள். குழிவுக்குப் பொருந்துகிறதே என்று வெட்டிய பக்கத்தை மேலே பார்த்து வைத்தால் சாறு சட்டையில் தெறிக்கும். வெட்டிய பக்கம் ஓட்டைகளின் மேல் கவிழ வேண்டும். அழுத்தும்போது பாதிப் பழம் உட்புறம் வெளியே புரண்டு, சாறு நேரே கீழே இறங்கும். கடைசிச் சொட்டுக்காகத் தோலையும் விதையையும் நசுக்கினால் கசப்பும் சேர்ந்தே இறங்கும்.

அடுத்த முறை வாங்கும் பழங்களை மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியில் கிடந்தால் தோல் வழியே ஈரம் போய்க் காய்ந்துவிடும்.