மருவாதியை வீட்டுல வச்சிட்டுப் போ

வாடி, இப்படி வந்து உக்காரு. காலையிலேருந்து அந்தப் பெட்டியை மூடுறதும் திறக்குறதுமாத்தான் இருக்கே. வெத்தலை மெல்லுற நேரம் மட்டும் பேசுவேன், துப்பிட்டு எந்திரிச்சிருவேன். அதுக்குள்ள கேட்டுக்க.

உங்க பெரியப்பன் வந்து ஒரு பாட்டம் புலம்பிட்டுப் போயிருக்கான். "வயசுப்பிள்ள, கண்காணாத சீமை, பாரீசாம், பத்து நாளாம், தொணைக்கு ஒரு ஆம்பளை கிடையாதாம்." யாரு பேசுறது? மாட்டுத்தாவணியில பஸ்ஸு மாறத் தெரியாம என்னையக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகச் சொன்ன ஆம்பளை. அவன் சொன்னதுக்கெல்லாம் நீ "சரிங்க பெரியப்பா, சரிங்க பெரியப்பா"ன்னு தலையை ஆட்டுனே பாரு, அந்த ஆட்டத்தைப் பாத்துத்தான் எனக்கு அடிவயிறு கலங்குச்சு. பாரீசை நினைச்சு இல்ல.

ஒம்பதாவது படிக்கையில, மேலூர் பஸ்ஸுல ஒருத்தன் சாய்ஞ்சு சாய்ஞ்சு வந்தான்னு துப்பட்டா ஊக்கைக் கழட்டி அவன் தொடையில இறக்குனவ நீ. அவன் அய்யோன்னு அலற, கண்டக்டர் விசிலடிக்க, "அண்ணனுக்குச் சாமி வந்திருச்சு போல"ன்னு ஒண்ணும் தெரியாதவளாட்டம் நின்னே. அந்தப் பிள்ளையை எங்கடி தொலைச்சே? மெட்ராசுல ஆறு வருசம் கம்ப்யூட்டர் வேலை பாத்ததுல மிஞ்சுனது சாரியும் தேங்க்யூவும்தான். காலை மிதிச்சவன்கிட்ட நீ சாரி சொல்றே. எந்த ஊர்க் களவாணிக்கும் பிடிச்ச பொண்ணு இவதான். எதுத்துப் பேசத் தெரியாதவ, எழுந்து போனா அடுத்தவன் மனசு நோகுமேன்னு உக்காந்திருக்கிறவ.

நேத்து ராத்திரி நீயும் உன் சித்தி மகளும் போன்ல வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சீங்களே, அம்புட்டும் எனக்கு விழுந்துச்சு. அப்பத்தாவுக்குக் காது மந்தம்னு நினைச்சுக்கிட்டீங்க. வேண்டாததுதான் விழாது.

மோன்மார்த்னு ஒரு மேடாம். உச்சியில வெள்ளைவெளேர்னு ஒரு கோயிலு, சாக்ரே கேர். படியேறுற இடத்துல நாலஞ்சு பேரு கையில கலர் நூலோட நிப்பானாம். சிரிச்சுக்கிட்டே கையை நீட்டச் சொல்லுவான், நீயும் நீட்டுவே. நீட்டுனா விரலைப் பிடிச்சுக் கயிறு திரிச்சு மணிக்கட்டுல முடிச்சுப் போட்டுருவான். அப்புறம் காசு. இதுல என்னடி புதுசு? நம்ம ஊர்க் கோயில் வாசல்லயும் கயிறு கட்டிவிட்டுத் தட்டை நீட்டத்தான் செய்யிறாங்க. இங்க தட்டு நீளுது, அங்க சுத்தி நாலு பேரு நிக்கிறான். கையை நீட்டாம இருக்கிறதுதான் மருந்து. இடுப்புல ரெண்டு கையையும் ஊன்றிக்கிட்டு, வாய்க்கால் சண்டைக்குப் போறவளாட்டம் விறுவிறுன்னு ஏறு. "எங்கேருந்து வர்றே"ன்னு கேட்டா பதில் சொல்லாதே. கேட்டவனுக்குப் பதில் சொல்லணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல.

அட்டையில தாளைச் செருகிக்கிட்டு ஒரு பொண்ணு வருமாம், காது கேக்காத பிள்ளைகளுக்கு உதவி, ஒரு கையெழுத்துப் போடுன்னு. நீ குனிஞ்சு எழுதுவே, கூட வந்தவ உன் பையைத் துழாவுவா. நம்ம வீட்டுல பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கே நான் இன்னும் கைநாட்டு வைக்கல, நீ என்னத்துக்கு ரோட்டுல போறவளுக்குக் கையெழுத்து வைக்கிறே?

ஆத்தங்கரையில நடந்தா இன்னொருத்தன் உன் காலடியில மோதிரத்தைக் குனிஞ்சு எடுப்பானாம். "ஒன்னோடதா? இல்லையா? பரவால்ல, வச்சுக்க, எனக்கு ஒரு சாப்பாட்டுக்குக் குடு." மோதிரம் பித்தளை. பஸ் ஸ்டாண்டுல பத்து ரூவா நோட்டைக் கீழ சிதறவிட்டு "அம்மா, உங்க பணம் விழுந்திருச்சு"ன்னு சொல்லி, நாம குனியறதுக்குள்ள மடியிலிருக்கிற பையைத் தூக்குறானே, அவனுக்கும் இவனுக்கும் ஒரே வாத்தியாரு. கீழே கிடக்கிறது தங்கமாவே இருந்துட்டுப் போகட்டும். நீ குனியாதே.

அந்த இரும்புக் கோபுரத்துப் பக்கம் சாக்கை விரிச்சு மூணு கிண்ணம் கவுத்து வச்சிருப்பானாம், எதுக்குள்ள உருண்டைன்னு சொன்னா ரெட்டிப்புப் பணம். உங்க தாத்தா இதே மாதிரி மூணு சீட்டு ஆட்டத்துலதான் ஒரு சோடி காளையை வித்த காசைச் சந்தையிலேயே விட்டுட்டு வந்தாரு. ஜெயிச்சவன்னு ஒருத்தன் பக்கத்துல நின்னு குதிச்சானாம். "அவன் ஜெயிச்சான்டி, என் கண்ணால பாத்தேன்"னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு மனுசன். ஜெயிக்கிறவன் அவங்க ஆளு, தோக்குறவன் அவங்க ஆளு, பாவமேன்னு பாக்குறவனும் அவங்க ஆளு. அந்தக் கூட்டத்துல வெளியாளு நீ ஒருத்திதான்.

சங்கிலியைக் கழட்டு. இப்பக் கழட்டு, நான் பாக்கணும். சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குறப்ப ரெண்டு கையையும் தூக்கிக் கோவிந்தான்னேன். கையை இறக்குறப்ப கழுத்துல ஒன்னரைப் பவுனைக் காணோம். சாமி எடுத்துக்கிட்டாருன்னு ஊருக்குச் சொன்னேன், எடுத்த ஆசாமியோட முழங்கை இடிச்சது எனக்கு மட்டும் தெரியும். பாரீசுல லூவ்ருன்னு ஒரு அரமணை இருக்கே, அதுக்குள்ள வச்சிருந்த ராசா ராணி நகையையே 2025 அக்டோபர் 19ஆம் தேதி, ஞாயித்துக்கெழமை காலையில, லாரியில ஏணி வச்சு ஏறி ஏழெட்டு நிமிசத்துல அள்ளிட்டுப் போயிட்டானுக. காவலும் கண்ணாடிப் பெட்டியும் இருந்தும் எட்டு உருப்படி போச்சு. உன் கழுத்துக்கு எந்தக் காவலுடி?

அதே லூவ்ருல 2013 ஏப்ரல்ல, பிக்பாக்கெட்டு தொல்லை தாங்கலன்னு வேலை பாக்குறவங்களே ஒரு நாள் கதவைத் திறக்காம நின்னுட்டாங்களாம். 2015ல அந்தக் கோபுரத்துக்காரங்களும் அதையே செஞ்சாங்க. ஊருக்காரனே சலிச்சுப்போன இடத்துல நீ என்னமோ புதுசாக் கண்டுபிடிச்சவளாட்டம் பையை முதுகுல மாட்டிக்கிட்டு வாயைப் பொளந்து மேல பாக்காதே. முதுகுல இருக்கிற பை ஊரான் பை. மெட்ரோவுல கதவோரத்து சீட்டு வேண்டாம், கதவு மூடுற நேரத்துல போனைப் பிடுங்கிட்டு இறங்கிருவான். நீ உள்ள, அவன் வெளிய, மூடுன கதவு ரெண்டு பேருக்கும் நடுவுல.

இடுப்புல ஒட்டிக் கட்டுற பை ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கியே, மணி பெல்ட்டோ என்னமோ. இந்தச் சுருக்குப்பையை நான் அறுபது வருசமா இடுப்புல செருகிக்கிட்டு இருக்கேன், அப்பெல்லாம் பட்டிக்காடுன்னீங்க. சரி, போகட்டும். பாஸ்போட்டு அதுல இருக்கட்டும். அதோட நகல் ஒண்ணு பெட்டியில, ஒண்ணு போன்ல, ஒண்ணு உங்கம்மாகிட்ட. தொலைஞ்சிருச்சுன்னா முதல்ல அந்த ஊரு போலீசுல எழுதி வாங்கு, அப்புறம் நம்ம தூதரகம் போ. ஊருக்குத் திரும்ப ஒரு அவசரச் சீட்டுக் குடுப்பாங்க. உக்காந்து அழுதா அதுக்கு ஒரு சீட்டும் குடுக்க மாட்டாங்க.

உங்க மாமா மக ஒரு மிளகாய்ப் புட்டியைக் குடுத்தாளே, கண்ணுல பீச்சுறது. ஏரோப்பிளேன்ல ஏத்த மாட்டான். ஏத்தினாலும் அந்தத் தேசத்துல அது ஆயுதக் கணக்கு, சரியான காரணம் இல்லாமப் பையில வச்சிருந்தா குத்தம். ஆயுதத்தோட போயி நீயே கேசுல மாட்டாதே. உங்கம்மா வச்ச நெய்யையும் வெளிய எடு. பால், நெய், கறி எதையும் அந்தக் கண்டத்துக்குள்ள விட மாட்டான். காய்ஞ்ச கருவாட்டுக்கு மட்டும் கெடுபிடி இல்லையாம். கொண்டு போறியா? பக்கத்துல ஒருத்தன் அண்ட மாட்டான்.

ஏரோப்பிளேன் இறங்கினதும் உள்ளயே வந்து "டாக்சி, டாக்சி"ன்னு பெட்டியைப் பிடிக்கிறவன் பின்னாடி போகாதே. டாக்சிக்காரன் வரிசையில நிப்பான், வரிசையைத் தேடிப் பயணிதான் போகணும். சார்ல் த கோல் ஏரோட்ரோமிலேருந்து ஆத்துக்கு வடகரைன்னா 56 யூரோ, தென்கரைன்னா 65, 2024ல கவுருமெண்டு கட்டின ரேட்டு அது. பேரம் பேசுற வேலையே இல்ல. இதைக் கேட்டதும் எனக்கே அந்த ஊரு மேல ஒரு மருவாதி வந்திருச்சு.

இன்னொண்ணும் பிடிச்சிருக்கு. பாரீசு சுத்துவட்டாரத்துல ராத்திரி பத்து மணிக்கு மேல பல பஸ்ஸுல, ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல உன் வீட்டுப் பக்கமா நிறுத்துன்னு டிரைவர்கிட்டக் கேட்டுக்கலாமாம். தனியாப் போற பொம்பளை இருட்டுல நடக்க வேண்டாம்னு. நம்ம டவுன் பஸ்ஸு நான் கையைக் காட்டினா பட்டப்பகல்லயே நிக்கும், அது வேற. தெருவுல போற பொண்ணைப் பாத்து விசிலடிச்சா, அசிங்கமாப் பேசினா அபராதம்னு 2018ல சட்டம் போட்டிருக்காங்க. அப்ப 90 யூரோவுல ஆரம்பிச்சு 750 வரைக்கும் இருந்துச்சு. அந்த ரேட்டு அந்தக் காலத்துல நம்ம ஊர்ல இருந்திருந்தா உங்க தாத்தா நஞ்சையையும் வித்திருப்பாரு. ஏண்டி சிரிக்கிறே? என்னையப் பாத்து அடிச்ச விசிலுதான்.

சிரிச்சது போதும். இப்ப நல்லவனைப் பத்திச் சொல்றேன். களவாணியை உனக்கு அடையாளம் தெரியும், நல்லவன்தான் கஷ்டம். அழகா இருப்பான், அடக்கமாப் பேசுவான், வழி காட்டுவான், ஒரு காப்பி சாப்பிடலாமாம்பான். எல்லாரும் கெட்டவன்னு நான் சொல்ல மாட்டேன், காப்பி நல்லாருந்தாக் குடி. டம்ளரு உன் கண்ணு முன்னால வரணும், உன் கையிலேயே இருக்கணும். ஒண்ணுக்குப் போயிட்டு வந்தா அதைத் தொடாதே, புதுசு வாங்கு. ரயில்ல பிஸ்கெட்டு குடுத்து மயக்கிட்டுப் பெட்டியைத் தூக்குனான்னு மாசத்துக்கு ஒரு தடவை பேப்பருல வருதே, வாங்கித் தின்னவங்க எல்லாம் முட்டாளா? "வேண்டாம்"னு சொன்னா அவரு தப்பா நினைச்சுக்குவாரேன்னு தின்னவங்க. நினைச்சுட்டுப் போறான்.

பொய் சொல்லிப் பழகு, ராசாத்தி. சின்னப்பிள்ளையில பொய் சொன்னா வாயில சூடு போடுவேன்னேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேன். "தனியாவா வந்தே?" "இல்ல, வீட்டுக்காரர் டிக்கெட் எடுக்கப் போயிருக்காரு. ஆறடி. கோவக்காரர்." கல்யாணப் பேச்சை எடுத்தாலே மூஞ்சியைத் திருப்புறவதானே நீ, பத்து நாளைக்கு ஒரு புருசனை வச்சுக்க. சோறு ஆக்கிப் போட வேண்டாம், துணி துவைக்க வேண்டாம், இந்த மாதிரி ஒருத்தன் எனக்குக் கிடைக்கலையேன்னு இருக்கு. ஓட்டல்ல ரூம் நம்பரை நாலு பேரு முன்னால சொன்னாங்கன்னா வேற ரூம் கேளு, கூச்சப்படாதே. கோயிலுக்குப் போனேன், குளத்துக்குப் போனேன்னு படம் போடுறதெல்லாம் அந்த இடத்தை விட்டுக் கிளம்புன பிறகு போடு. நீ எங்க இருக்கேன்னு ஊருக்கே தண்டோரா போட்டுட்டு அப்புறம் எவனோ பின்னாடி வர்றான்னா?

அங்க நம்ம ஆளுகளும் இருக்காங்களாமே. கார் து நோர் டேசன்லேருந்து கொஞ்ச தூரத்துல லா ஷப்பேல்னு ஒரு பேட்டை, இலங்கைத் தமிழ்ச் சனங்க கடை கடையா வச்சிருக்காங்களாம். 1985லேருந்து ஒரு பிள்ளையார் கோயில், வருசா வருசம் தேரு, ரோட்டுல தேங்காய் உடைக்கிறதாம். போயிட்டு வா, எனக்கு விபூதி கொண்டு வா. ஆனா ஒண்ணு, தமிழ் பேசுறவனெல்லாம் மாமன் இல்ல. வெளிநாட்டுல நம்ம பாஷை காதுல விழுந்ததும் பாதிப் பொண்ணுங்க இடுப்புப் பையைத் தளத்திருவாங்க. தாய்மாமனே நிலத்துல வரப்பைத் தள்ளி வைக்கிற ஊருலேருந்து போறவடி நீ.

112ங்கிற நம்பரை மனசுல வை. அந்தக் கண்டம் பூரா அதான், நம்ம ஊர்லயும் இப்ப அதான். பேச முடியாத இடத்துல மாட்டிக்கிட்டா பிரான்சுல 114க்கு மெசேசு அனுப்பலாமாம். ரயில்ல எவனாச்சும் தொந்தரவு பண்ணினா 3117. கடையிலயோ காப்பிக் கடையிலயோ நுழைஞ்சு "ஏஞ்சலா இருக்காங்களா"ன்னு கேட்டா, இந்தப் பிள்ளைக்கு இடைஞ்சல்னு புரிஞ்சுக்கிட்டு உதவுற ஏற்பாடு 2016ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது, பிரான்சுலயும் இப்ப இருக்கு. அது எல்லாக் கடையிலயும் இருக்காது, கதவுல ஒட்டியிருக்கிறதைப் பாத்துக்க. ஒண்ணும் ஞாபகம் வரலையா, தமிழ்லயே கத்து. கத்துறதுக்கு பாஷை வேண்டாம்.

இப்ப சொல்றதுல சிரிப்பு இல்ல. ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, ஆகக்கூடாது, ஆனா ஆயிருச்சுன்னா, பெரியப்பன் என்ன சொல்லுவாரு, ஊரு என்ன சொல்லும்னு முழுங்கிறாதே. முழுங்குனவளுக நம்ம தெருவுலயே எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும். வெளியூரு போனவளுக இல்லடி, இந்தத் தெருவைத் தாண்டாதவளுக. தப்பு செஞ்சவன் நல்லாத் தூங்கினான், இவளுகதான் தூங்கல. போன் போடு. உங்கம்மாவுக்குப் போட்டா அவ மயக்கம் போட்டு விழுவா, எனக்குப் போடு.

எந்திரி, சங்கிலியைக் குடு, மடியில முடிஞ்சு வைக்கிறேன். உனக்கு அங்க ராத்திரி எட்டுன்னா எனக்கு இங்க பதினொன்னரை. உங்க தம்பிகிட்டக் கேட்டு வச்சிருக்கேன். ரூமுக்குத் திரும்பினதும் ஒரு மிஸ்டு கால், பேச வேண்டாம், அடிச்சு வச்சிரு. வயசானவளுக்குத் தூக்கமா வருது, முழிச்சுத்தான் கிடப்பேன்.