சுந்தரம் எழுந்தாச்சா?

வங்கிக் கவுன்டருக்கு உள்ளே 31 வருடம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் நான் வணக்கத்தைவிட அதிகமாகச் சொன்னது "சர்வர் டவுன்". அதைச் சொல்லிவிட்டால் போதும், எதிரில் நிற்பவர் பாஸ்புக்கை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிவிடுவார். ஒரே ஒரு பாட்டி மட்டும், உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்த்தபோது, "எங்கய்யா விழுந்துச்சு? தூக்கி நிறுத்த ஒரு ஆளில்லையா?" என்று கேட்டார். சிரித்து அனுப்பிவிட்டேன். அது எங்கே இருக்கிறது, கறுப்பா சிவப்பா என்று எனக்கும் தெரியாது.

ஓய்வுபெற்ற இரண்டாவது வருடம், மதுரையில் என் வீட்டுக் கூடத்திலேயே, ஈரக் கையோடு வந்து நின்ற மனைவியிடம் அதே இரண்டு வார்த்தையைச் சொன்னேன். அவள் பாஸ்புக்கை மடித்துக்கொண்டு போகிற ரகமில்லை.

"நம்ம வீட்டு அலமாரிக்குள்ளதானே இருக்கு? எந்திரிச்சுப் போய்ப் பாருங்க."

எல்லாம் போன் நிறைந்துபோனதில் ஆரம்பித்தது. கல்யாணம், காதுகுத்து, இடையிடையே சொந்தக்காரர்கள் அனுப்பிய காலை வணக்க ரோஜாப்பூ என்று படங்கள் முட்டிக்கொண்டு நின்றன. மாத வாடகைக்கு வெளியே எங்கேயாவது வைக்கலாம். ஆனால் சொந்த வீடு கட்டிய கடனையே போன வருடம்தான் அடைத்தேன், இதில் படத்துக்கு வேறு வாடகையா? பெங்களூரில் இருக்கும் மகன் யோசனை சொன்னான். "பரண்ல என் காலேஜ் லேப்டாப் கிடக்குப்பா. டெபியன் போட்டு, அதுல இம்மிச் வைங்க. போட்டோவெல்லாம் அதுவே எடுத்துக்கும். உங்களுக்கும் பொழுது போகும்." கடைசி வரியிலிருந்த குத்தல் அன்றைக்கு உறைக்கவில்லை.

டெபியனை 1993இல் தொடங்கிய இயன் மர்டாக், காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்து அந்தப் பெயரைச் சூட்டினாராம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாமும் செய்ததுதான், உலகம் பூராவும் ஓடவில்லை, அவ்வளவே. நிறுவும்போது இந்த மெஷினுக்கு என்ன பெயர் என்று கேட்டது. சர்வர் என்றால் 1964இல் வந்த நாகேஷ் படத்தைத் தவிர வேறெதுவும் ஞாபகம் வராத தலைமுறை நான். சுந்தரம் என்று அடித்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இன்னொரு ஆள். காலையில் காபி குடித்ததும் அம்மாவின் முதல் கேள்வி, "சுந்தரம் எழுந்தாச்சா?" பேத்தி படங்களைக் காட்டுகிறவன் என்ற அளவில் அவனிடம் அம்மாவுக்குப் பிரியம். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுக்கு வந்திருக்கவரு ரொம்ப நாள் தங்குவாரோ?" என்று விசாரித்தார். மனைவியின் கவலை வேறு. 15 வாட் என்றாலும் ராப்பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 22 யூனிட். "சாப்பாடு போட்டுக்கூடச் சமாளிச்சிரலாம், கரண்ட்டையில்ல திங்கிறான்" என்றாள்.

முதல் நாள் பாஸ்வேர்டிலேயே மாட்டினேன். டெர்மினலில் அதை அடித்தால் திரையில் ஒன்றுமே நகராது. நட்சத்திரம் இல்லை, புள்ளி இல்லை. கீபோர்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அதிலும் ஒன்றும் நகரவில்லை. எத்தனை எழுத்து என்றுகூட அடுத்தவருக்குத் தெரியக் கூடாதென்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். மறைப்பது என்றால் இப்படி மறைக்க வேண்டும். ரசீதை மட்டும் மனைவியிடம் நானும் அதே முறையில் மறைத்துவிட்டேன்.

அடுத்தது மூடி. எல்லாம் ஓடியது. லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்தேன். போனில் பார்த்தால் சுந்தரம் இல்லை. ஓடிப்போய்த் திறந்தால் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறான். மறுபடி மூடிவிட்டு வந்தால் மறுபடி இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போனதும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடும் தாய் மாதிரி நான்கு நாள் அல்லாடினேன். மூடினால் தூங்குவதுதான் லேப்டாப்பின் சுபாவம் என்பதும், 'மூடினாலும் கண்டுகொள்ளாதே' என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும் என்பதும் ஐந்தாம் நாள் மகன் சொல்லித்தான் தெரிந்தது. சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

பிறகு கரண்ட் கட். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. கரண்ட் வந்ததும் ரவுட்டர் விழித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் புதிதாக டோக்கன் கொடுத்தது. நேற்றுவரை 192.168.1.7 ஆக இருந்தவன் இன்று 11. நான் பழைய டோக்கனையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்த மெஷினுக்கு எப்போதும் இதே எண்தான் என்று ரவுட்டரில் எழுதிவைத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

மகன் வீட்டிலிருந்தும் படம் பார்க்க வேண்டுமென்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரவுட்டரில் கதவு திறந்து பார்த்தேன். யாரும் வரவில்லை. பழைய முறை ஐபி முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் 429 கோடிதான் என்பதால், எங்களைப் போன்ற பல குடித்தனங்களை ஒரே கதவிலக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எங்களூர் வளவு வீடு மாதிரி. உள்ளே இருப்பவர் யார் வேண்டுமானாலும் வெளியே போகலாம், தெருவிலிருந்து வருகிறவருக்கு எந்தக் குடித்தனம் என்று தெரியாது. நான் திறந்துவைத்தது என் அறைக் கதவை, வளவின் வாசற்கதவு என் கையில் இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் வெளியே வந்து நடுவில் சந்திக்கிற டெயில்ஸ்கேல்தான் கடைசியில் கைகொடுத்தது.

இவையெல்லாம் சில்லறை. கேஷில் வித்தியாசம் விழுந்த நாள்தான் பெரிய நாள்.

காதுகுத்துப் படங்கள் ஏறவில்லை. அம்மா தயாராக உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அணைத்துப் போடுவது. ஆறு தடவை செய்தேன். வயரை மாற்றினேன். இம்மிச் எழுதுகிற பதிவேட்டைப் படித்தால் 20:52க்கு ஏதோ முறிந்திருக்கிறது. ராத்திரி 8:52க்கு அலமாரிப் பக்கம் இருந்தது யார்? சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா. 84 வயதுத் தாயை விசாரணைக்கு உட்படுத்தினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பதிவேடு கிரீன்விச் நேரத்தில் எழுதப்படுவது உறைத்தது. ஐந்தரை மணி கூட்டினால் அதிகாலை 2:22, அம்மாவுக்கு விடுதலை.

அதே பதிவேட்டில், அதே வரியில், 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்றும் இருந்தது. இடமில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது, நான் நேரத்தை மட்டும் படித்திருக்கிறேன். டிஸ்க் 110 ஜிபி, நூறு சதவீதம் நிறைந்திருக்கிறது. சரி, எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு ஃபோல்டராக எண்ணிக் கூட்டினேன். 68 ஜிபி. மறுபடி எண்ணினேன். 68தான். 42 ஜிபியைக் காணோம்.

இங்கேதான் எனக்குள்ளிருந்த கேஷியர் எழுந்து உட்கார்ந்தார். பணம் எங்கேயும் போகாது, நாம் பார்க்காத இடத்தில் இருக்கும் என்பது நாங்கள் கட்டுக் கட்டாக எண்ணிக் கற்றுக்கொண்டது. ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது? பேக்கப். படங்களையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்கிற வேலை. "ராத்திரி இந்தப் பிளக்கை யாராவது தொட்டீங்களா?"

"கொசு மெஷினுக்கு இடமில்லைன்னு ஒண்ணைக் கழட்டினேன். காலையில திரும்ப மாட்டிட்டேனே!" என்றாள் மனைவி, பொறுப்பான குடும்பத்தலைவியாக.

புரிந்தது. வெளி டிஸ்க் வந்து உட்காருவதற்கென்று உள்ளே ஒரு காலி ஃபோல்டர் உண்டு. டிஸ்க் இல்லாத ராத்திரியில், சுந்தரம் சொன்ன வேலையைத் தட்டாமல் அந்தக் காலி இடத்திலேயே நகலைக் கொட்டியிருக்கிறான். 42 ஜிபியில் மூச்சு முட்டி நின்றுவிட்டான். காலையில் நான் அணைத்துப் போட்டபோது டிஸ்க் தன் இடத்தில் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. குப்பைக்கு மேல் பாயை விரித்த மாதிரி, அடியில் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, கூட்டலிலும் வரவில்லை. பாயை ஆறு தடவை தட்டி ஒழுங்காக விரித்தவன் நான்தான்.

டிஸ்க்கைக் கழற்றினேன். அடியில் 42 ஜிபி அப்படியே கிடந்தது. அது அசல் இல்லையே என்று மூன்று தடவை சரிபார்த்துவிட்டு அழித்தேன். கணக்கு நேரான சந்தோஷத்தில் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று எழுந்தேன், வீட்டில்தான் இருந்தேன். இப்போது டிஸ்க் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பேக்கப் தொடங்குகிறது. பிளக்கின் மேல் 'சுந்தரம் – தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கொசு மெஷினுக்கு ஒரு நீட்டிப்புப் பெட்டி வாங்கித் தந்ததும் நான்தான்.

நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க வங்கிக்குப் போனேன். கவுன்டரில் புதுப் பையன், என் மகன் வயதுகூட இராது. நிமிர்ந்து பார்க்காமலே, "சர்வர் டவுன் சார்" என்றான்.

"என்ன எரர் காட்டுது தம்பி?" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு என் தோளுக்கு மேலாக எட்டி, "அடுத்தது யாரு?" என்றான்.