வெயிட்டேஜ் மாமா

ஆந்திராவின் பலமனேரில் மே மாதம் பிறந்தால் தக்காளி விலை ஏறுகிறதோ இல்லையோ, வெயிட்டேஜ் மாமா எழுந்தருளிவிடுவார். தெருவுக்குத் தெரு இப்படி ஒருத்தர் உண்டு. எங்கள் தெரு மாமா மண்டியில் கணக்கு எழுதுகிறவர். காதில் பென்சில், சட்டைப்பையில் மண்டிச் சீட்டு. சீட்டின் முன்பக்கம் தக்காளி. பின்பக்கம் ஊர்ப் பிள்ளைகளின் தலையெழுத்து.

“எம்செட்ல எவ்ளோடா?” ஆந்திராவின் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு அது. 2021-ல் அதற்கு ஈஏபிசெட் என்று பெயர் மாற்றியதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

“எண்பது மாமா.”

“நூத்தறுபதுக்கு எண்பது. எழுபத்தஞ்சுக்குக் கொண்டாந்தா முப்பத்தேழரை. இன்டர் க்ரூப்புல?”

“ஐநூத்தி அம்பத்திரெண்டு.”

“அறுநூறை இருபத்தஞ்சாக்கினா இருபத்திமூணு. ஆக, அறுபதரை!”

டீக்கடையில் பையன் டீயை ஊதி முடிப்பதற்குள், எம்செட்டுக்கு 75, இன்டர்மீடியட் (பிளஸ் டூ) மார்க்குக்கு 25 என்ற வெயிட்டேஜ் கணக்கு முடிந்துவிட்டது. “சீட்டு கிடைக்குமா?” என்றார் பையனின் அப்பா. “அது ரேங்க்கைப் பொறுத்தது. நான் சொன்னது வெயிட்டேஜ்” என்றார் மாமா, கொஞ்சம் கோபமாகவே.

ஆறுதல் சொல்வதிலும் அவருக்குப் பின்னம்தான். இன்டர் கணக்கில் ஐந்து மார்க் போய் அழுத பெண்ணிடம், “பதினொன்னேகால் மார்க் போனாத்தாம்மா எம்செட்ல ஒண்ணு போன மாதிரி. உனக்கு அரை கூடப் போகல” என்றார். சரியான கணக்குதான். அழுகை நிற்கவில்லை.

குடியாத்தத்துச் சம்பந்திகள் போன் செய்தால் முகம் சுளிப்பார். தமிழ்நாட்டில் கணக்கு மார்க்கை அப்படியே வைத்து, பிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்குக் கட்-ஆஃப். “இதுக்குப் பென்சில் எதுக்கு?” என்பார்.

2021-ல் ஊரடங்கு. பரீட்சை ரத்து. இன்டர் இரண்டாம் வருஷ மார்க்குக்குப் பத்தாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடங்களிலிருந்து 30 சதவீதம், முதல் வருஷத்திலிருந்து 70 என்று அரசு அறிவித்தது. மாமாவுக்கு வாசல் கொள்ளாத கூட்டம், முகக்கவசத்தோடு. ஆனால் அதே வருஷம் ஈஏபிசெட்டில் இன்டருக்கு இருந்த 25-ஐத் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். அன்று மாமா மத்தியானம் சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னார்.

போன வருஷம் என் மகளைப் பிடித்தார். “எம்செட்ல எவ்ளோம்மா?”

“எழுதல மாமா. பி.ஏ. சரித்திரம் படிக்கப் போறேன்.”

பென்சில் காதுக்கும் சீட்டுக்கும் நடுவே நின்றது. சீட்டைத் திருப்பினார், தக்காளிப் பக்கம்தான் தெரிந்தது. “அதுக்கும் ஏதாவது ஃபார்முலா வச்சிருப்பாங்க. விசாரிச்சு நாளைக்குச் சொல்றேன்” என்று கிளம்பினார்.

மறுநாள் அவர் வேறு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.