அரை இட்லிக் கல்: தனுஷ்கோடி மாதிரி எண் 1 குறித்த முதற்கட்ட ஆய்வறிக்கை

சென்ற தை மாதம் தனுஷ்கோடிக் கடற்கரையில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தபோது, இந்த ஆய்வாளரின் வலதுகால் கட்டைவிரல் ஒரு கல்லைக் கண்டுபிடித்தது. பெயர் சூட்டுவது கண்டுபிடித்தவரின் உரிமை. வாய் அந்த நேரம் வேறு சில சொற்களில் முனைந்திருந்ததால், பிற்பாடுதான் 'மாதிரி எண் 1' என்று வைக்க முடிந்தது. எண் 2 இன்றுவரை அகப்படவில்லை.

வடிவம்: அரை இட்லி. நிறம்: நேற்றைய இட்லி. ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் நெருக்கமாகச் சிறு குழிகள். குழிக்குள் சைக்கிள் சக்கரக் கம்பிகள்போல, நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தகடுகள், பாதி தேய்ந்தவை.

அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. டைனோசரின் கடைவாய்ப்பல் என்பது மகன் தரப்பு. கல் என்பது மனைவி தரப்பு. மேற்கொண்டு வாதிட மறுத்துவிட்டார். மகனைச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. 1677-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் பிளாட், டைனோசருடையது என்று இன்று கருதப்படும் எலும்புத் துண்டை இராட்சத மனிதனின் தொடை எலும்பு என்று அச்சிலேயே எழுதிவைத்தார்.

அடுத்து நாக்குச் சோதனை. எலும்புப் புதைபடிவத்தில் நுண்துளைகள் உண்டு, நாக்கில் ஒட்டும். புவியியலாளர்கள் ஏன் கல்லை நக்குகிறார்கள் என்று எழுதிய யான் ஸலாசிவிச்சுக்கு 2023-இல் இக் நோபல் பரிசே கிடைத்தது. நக்கினேன். ஒட்டியது. செங்கல்லும் ஒட்டும் என்பது பின்னர் தெரியவந்தது. சுவை, உப்பு. மனைவி யாரோபோலப் பத்தடி தள்ளி நின்றார்.

நகரை மீன் வறுவலோடு வந்த எலுமிச்சைத் துண்டைப் பிழிந்தோம். நுரைத்தது, ஆக, சுண்ணாம்பு. மீன் ஆறிப்போனது.

குழியும் தகடும் பவளத்தின் அடையாளம். எந்தக் காலத்துப் பவளம் என்பதற்கு எஞ்சியது தகடுகளின் கணக்கு. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்த பவள இனம் ஒன்றில் இவை நான்கு நான்காகக் கூடும். இன்றைய கல்பவளங்களில் ஆறின் மடங்கு. நான் எண்ணியது 11, மகன் எண்ணியது 13, சராசரி 12. எனவே இன்றையது. 12 நான்கின் மடங்கும்தானே என்று மகன் கேட்டது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

சங்குமாலை விற்ற அம்மா கல்லை வாங்கி, நான் அலை தேய்த்தது என்று நம்பியிருந்த வழவழப்பான பக்கத்தை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"இது சுவத்துக் கல்லு சார். பூச்சு இன்னும் ஒட்டியிருக்கு பாருங்க."

1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊரில் பவளக்கல்லால் எழுப்பிய கட்டடங்கள் இருந்தன; கூரையில்லாமல் நிற்கும் தேவாலயமே சாட்சி. புதைபடிவம் என்றால் பத்தாயிரம் ஆண்டாவது ஆகியிருக்கவேண்டும் என்பது வழக்கு. மாதிரி எண் 1 அதற்குள் சுவர் உத்தியோகம் பார்த்து ஓய்வும் பெற்றிருக்கிறது.

வீட்டுக்கு எடுத்துப்போகவும் வழியில்லை. 2001 முதல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. புலியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது முறையல்ல என்பதால், எடுத்த இடத்திலேயே வைத்தோம். திரும்பி வரும்போது அதே கட்டைவிரல் அதை மறுபடியும் கண்டுபிடித்தது.