அங்க ஆர் நிக்கினம்?

புதிதாக ஒரு சமூக ஊடகம் திறந்தால் முதல் வரிசையில் போய் நிற்கிற ஆள் நான். மனுசி, இரண்டு பிள்ளைகள், மாமி, ஏழெட்டுத் தென்னை, தீராத ஒரு காணி வழக்கு என்று குடும்பம் நடத்துகிறவனுக்கு இது என்னத்துக்கு என்று நீங்கள் கேட்கலாம். அயலட்டைக்குத் தெரியமுன்னம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிற கொழுப்புத்தான். ஓர்குட்டில் இருந்தேன், 2014 இல் அதை மூடினார்கள். 'கூ' என்ற இந்திய மஞ்சள் குருவியோடும் பறந்து பார்த்தேன். 2020 இல் வந்த குருவி 2024 ஜூலையில் விழுந்தது. "இந்த மனுசன் கால் வைச்ச இடம் விளங்குமே?" என்பது மனுசியின் ஆராய்ச்சி முடிவு.

கூகுள் பிளஸ் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். 2011 இல் வந்தது. அதன் பெருமை 'வட்டங்கள்'. தெரிந்தவர்களை வட்டம் வட்டமாகப் பிரித்து, எந்த வட்டத்துக்கு எதைக் காட்டுவது என்று நாமே தீர்மானிக்கலாம். சொந்தக்காரருக்கு நடுவில் வாழ்கிறவனுக்கு இதைவிட என்ன வரம் வேண்டும்? நுளம்புத்திரியைக் கொளுத்திவிட்டு இரவிரவாக இருந்து பிரித்தேன். மச்சான்மார் வட்டம். சீட்டுக்காசு தரவேண்டியவர்கள் வட்டம். காணி வழக்கில் எங்கள் பக்கம், எதிர்ப்பக்கம், இரண்டு பக்கத்திலும் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் என்று வேறாக மூன்று. ஒரு மச்சானை எல்லாவற்றிலும் போடவேண்டி வந்தது. முடித்து நிமிர்ந்தால் வட்டத்துக்குள் ஒரு குஞ்சும் இல்லை. சனம் முழுக்க முகநூலில் நின்று கலியாணவீட்டுப் படங்களுக்கு விருப்பம் போட்டுக்கொண்டிருந்தது. 2018 ஒக்ரோபரில் கூகுளே வாய்விட்டுச் சொன்னது, உள்ளே வருகிற வரவுகளில் 90 வீதம் ஐந்து செக்கனுக்குள் முடிந்துவிடுகிறதென்று. எங்கள் வீட்டுக்கு மின்மானி பார்க்க வருகிற பெடியன், நாய் அவிட்டுவிட்டிருக்கிற நாளில்கூட அதைவிடக் கூடுதலாக நிற்பான். 2019 ஏப்ரலில் பூட்டினார்கள்.

2021 ஜனவரியில் எனக்கு மறுபடி உரு வந்தது. வட்ஸ்அப் புது நிபந்தனைகளை அறிவிக்க, ஈலோன் மஸ்க் 'சிக்னலைப் பாவியுங்கள்' என்று எழுத, நான் குடும்பக் குழுமத்தில் பிரகடனம் செய்தேன்: "நாளையில இருந்து எல்லாரும் சிக்னலுக்கு வாங்கோ. இஞ்ச எங்கட சொந்த விசயத்துக்குப் பாதுகாப்பில்லை." ஸ்காபரோ மச்சாள் ஒரு பிள்ளையார் படமும் காலை வணக்கமும் போட்டா. பாரிசில் இருக்கிற மருமகன் கட்டைவிரலைக் காட்டினான். கனநேரத்துக்குப் பிறகு சித்தப்பா கேட்டார்:

"அங்க ஆர் நிக்கினம்?"

"நான் நிக்கிறன், சித்தப்பா."

அதோடு அவர் கதைக்கவில்லை. "உங்களோட கதைக்கிறதுக்கோ அவ்வளவு தூரம் போகவேணும்?" என்று மனுசி குசினியிலிருந்து விளக்கம் தந்தா. அந்த மாதம் சிக்னல் கூட்டம் தாங்காமல் ஒருநாள் படுத்துவிட்டது. அதற்கு எங்கள் குடும்பம் பொறுப்பல்ல.

வேலியில் பொட்டு வைத்துப் புதினம் கேட்ட சனத்திடம் போய்ப் பாதுகாப்பு விற்றேனே, அது வேறு. உண்மையான சிக்கல் மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தில் ஒரு ஊடகம் வேர்விட்டதற்கு அடையாளமே அதில் மரண அறிவித்தல் வருவதுதான். இலங்கை வானொலியில் பாட்டுப் போகும்போது அடுப்படியில் நின்றவர்கள், அறிவித்தல் தொடங்கினால் றேடியோவுக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். பத்திரிகையை எடுத்தவுடன் அந்தப் பக்கத்தைத் தேடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இப்போது அது வட்ஸ்அப்பில் வருகிறது: கிரியை எத்தனை மணிக்கு, தகனம் கோம்பயன்மணலிலோ வேறெங்கோ, கனடாவில் இருக்கிற மகன் வந்து சேர்ந்திட்டாரோ. செத்தவீட்டுக்குப் போகாதவனை மூன்று தலைமுறைக்கு மன்னிக்காத ஊரில், எவன் துணிந்து வேறு செயலிக்குக் குடிபோவான்? ஆட்கள் இல்லாத இடத்தில் அறிவித்தல் போட மாட்டார்கள்; அறிவித்தல் வராத இடத்துக்கு ஆட்கள் வர மாட்டார்கள்.

அரசாங்கத்தாலேயே அசைக்க முடியவில்லை. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில், முகநூலையும் வட்ஸ்அப்பையும் மறித்தார்கள். இதுதான் தருணம், எல்லாரும் வேறிடம் தேடுவார்கள் என்று காத்திருந்தேன். சிக்னலுக்கு ஒரு பொத்தானை அமத்த மறுத்த என் மாமி, பேரனிடம் வி.பி.என் போடப் பழகிவிட்டா. போனின் கணக்குப்படி மாமி நெதர்லாந்தில். ஆள் விறகடுப்பில் புட்டு அவித்துக்கொண்டிருந்தா.

சேர்ப்பது ஒருபாடு, சேர்த்ததை வைத்திருப்பது இன்னொருபாடு. 2023 ஜூலையில் முகநூல்காரரின் திரெட்ஸ் ஐந்தே நாளில் 10 கோடிப் பேரைச் சேர்த்தது, இன்ஸ்டகிராமில் நின்ற சனத்துக்குப் பக்கத்திலேயே படலையைத் திறந்துவிட்டபடியால். அப்படியிருந்தும் அந்த மாதம் முடியமுன்னம் பாதிக்கு மேல் போய்விட்டதாக மார்க் சக்கர்பேர்க்கே தன் ஊழியர்களிடம் ஒத்துக்கொண்டார். பிறகு மெல்ல மெல்லத் தேறியது.

ஆள் வராமல் கெட்ட தளங்கள் இப்படி. ஆள் வந்ததால் கெட்டதும் உண்டு. மகன் முகநூலை விட்டு இன்ஸ்டகிராமுக்குப் போய்விட்டான். காரணம் கேட்டேன். "நீங்கள் எல்லாரும் வந்திட்டியள் அப்பா. பெரியம்மா என்ர படத்துக்குக் கீழ 'சாப்பிட்டியோ தம்பி' எண்டு கேக்கிறா." நானும் இன்ஸ்டகிராமில் கணக்குத் திறந்து அவனைத் தேடினேன். மகளும் அவனும் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குச் சொல்வதில்லை.

இப்போதைக்கு நான் அரட்டையில் நிற்கிறேன். தமிழ்நாட்டுச் சொஹோ நிறுவனம் 2021 இல் விட்ட செயலி. 2025 செப்ரெம்பரில், நாளுக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்று நாளுக்குள் 350,000 பேர் சேரத் தொடங்கியதாகச் சொஹோவின் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். அந்த மூன்றரை இலட்சத்தில் எனக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. ஆகவே என் அழைப்பு உங்கள் போனுக்கும் வரும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.