நடுவருக்கும் ஊர் மார்க் போடும்

வாடா பேராண்டி, உக்காரு. உங்க கம்பெனியில ஆயுத பூஜைக்குப் பல்சுவைப் போட்டியாம், நீதான் நடுவராம். உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிகினு வர்றா. ரொம்ப சந்தோஷம். ரோலிங் மில்லுல கம்பி நீளம் சரியா இருக்குதான்னு பார்த்துகினு இருந்த பையனை, ஆட்டம் சரியா இருக்குதான்னு பார்க்கச் சொல்லிட்டாங்க. குவாலிட்டி செக்கிங்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு உங்க மேனேஜர் நெனைச்சிருப்பாரு. இல்லாட்டி அவரு மச்சான் பாடறதுக்குப் பேர் குடுத்திருப்பான். ரெண்டுல எதுன்னு நான் கேக்கல. உன் மூஞ்சே சொல்லுது.

லிஸ்டைப் படி. கேன்டீன் அக்கா ஒப்பாரி. செக்யூரிட்டி பெரியவர் சிலம்பம். ஒடிசா பசங்க நாலு பேர் ஆட்டம். பீகார் பையன் டோலக். ஃபர்னஸ்ல வேலை செய்யறவன் ரஜினி குரல். மச்சான் கரோக்கி. இத்தனைக்கும் ஒரே தாள்ல பத்துக்கு எத்தனைன்னு போடணுமா? சிப்காட் பக்கம் எடைமேடை இருக்குதே, அதுல ஸ்கிராப் லாரியை ஏத்தினா ஒரு நம்பர் வரும். ஒப்பாரியை ஏத்தினா இன்னா நம்பர் வரும்? ஆனாலும் நம்பர் கேப்பாங்க, நீயும் போட்டுத்தான் ஆவணும். அதனால கெழவன் சொல்றதைக் காதுல வாங்கிக்க. ஃபீஸ் ஒண்ணும் வாணாம், வெத்தலை பாக்கு போதும்.

நம்ம ஜில்லாவுக்குப் போட்டி புதுசு இல்ல கண்ணு. அரக்கோணம் லைன்ல திருவாலங்காடு இருக்குது பாரு, அங்கதான் பெரிய போட்டியே நடந்துது. சிவனுக்கும் காளிக்கும் ஆட்டப் போட்டி. ரெண்டு பேரும் சளைக்கல. எவ்ளோ நேரம்தான் பார்க்கறது? கடைசியில சாமி ஒரு தில்லாலங்கடி வேலை பண்ணினாரு. காதுல இருந்த குண்டலம் கீழ விழுந்துது. அதைக் கால் விரலாலயே எடுத்து, காலைத் தலைக்கு மேல தூக்கிக் காதுல மாட்டிக்கினாரு. காளிக்கு மட்டும் அது வராதா? வரும். ஆனா அத்தினி பேர் முன்னாடி பொம்பள எப்படிக் காலைத் தூக்குவா? கூச்சப்பட்டு நின்னா, தோத்தான்னு எழுதிட்டாங்க. ஊர்த்துவ தாண்டவம்னு அதுக்குப் பேரு. ஐந்து சபையில ரத்தின சபைன்னு அந்தக் கோயிலுக்குப் பேரு.

கதை அதோட முடியல. இன்னிக்கும் ஆலங்காட்டுக்குப் போனா, மொதல்ல காளியைக் கும்பிட்டுட்டு அப்பாலதான் சிவனைக் கும்பிடணும்னு சொல்லுவாங்க. ஜெயிச்சவரு உள்ள காத்துகினு இருக்காரு, தோத்தவளுக்கு மொத மரியாதை. தீர்ப்பு சொன்னவங்க சொல்லிட்டுப் போயிட்டாங்க, ஊர் தன் கணக்கைத் தனியா எழுதி வச்சிகிச்சு. இதை நல்லா மனசுல வையி. நீ மேடைக்கு மார்க் போடுவே, ஊர் உனக்கு மார்க் போடும். உன் தாள் மறுநாள் குப்பைக்குப் போயிடும். ஊர் போட்ட மார்க்கு உன் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிக்கும்.

பரிசு குடுக்கறப்பவும் கை நடுங்கணும்டா. சிலப்பதிகாரத்துல மாதவி அரங்கேறினப்போ அவளுக்குப் பன்னெண்டு வயசு. சோழ ராஜாவே நடுவர். மாலையைக் குடுத்து, தலைக்கோல்னு பட்டம் குடுத்து, 1008 கழஞ்சு பொன்னையும் குடுத்தாரு. அவ ஆட்டத்துக்குத் தகும், குத்தம் இல்ல. ஆனா அந்த மாலையைத் தெருவுல வச்சு, 1008 கழஞ்சு பொன்னுக்கு யார் வாங்கறீங்கன்னு கூவினாங்க. கோவலன் வாங்கினான். அப்பறம் சிலம்பு, கொலை, மதுரை எரிஞ்ச கதையெல்லாம் உனக்குத் தெரியும். ஒரு பரிசு, ஒரு பட்டணம் காலி. உங்க ஹெச்ஆர் குடுக்கற மிக்ஸியால அவ்ளோ தூரம் போவாது. ஆனா லேபர் காலனியில ரெண்டு வீட்டுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு போவ, மிக்ஸியே தாராளம்.

இப்போ எதைப் பார்த்து மார்க் போடறதுன்னு கேப்பே. மச்சான் புகை மெஷினும் கலர் லைட்டுமா வருவான், பாத்துக்க. இந்த வித்தையும் பழசுதான். லோக்கல் ட்ரெயின்ல போயி சென்ட்ரலாண்ட எறங்கினா வால்டாக்ஸ் ரோடு. அந்தத் தெருவுல ஒத்தவாடை தியேட்டர்னு ஒண்ணு இருந்துது, கம்பெனி நாடகத்துக்குப் பேர் போன எடம். நாடகக் காலத்துல கன்னையா கம்பெனின்னா சீனுக்கும் செட்டுக்கும் அப்படி ஒரு மவுசுன்னு எங்க நைனா சொல்லுவாரு. அதே கம்பெனியிலதான் செங்கோட்டை கிட்டப்பாவும் பாடினாரு. 1933-ல 27 வயசுலேயே போயிட்டாரு மனுசன். கிட்டப்பான்னா ஜனங்க இன்னிக்கும் இன்னா சொல்றாங்க? குரல்ன்றாங்க. பின்னால தொங்கின படுதா இன்னா கலர்னு எவனாச்சும் சொல்றானா? அதனால லைட்டுக்கு மார்க் போடாதே. லைட்டுக்குக் காசு குடுத்தவன் வேற, பாடறவன் வேற.

ஒரு தபா தெருக்கூத்துக்கு வந்து ராத்திரி முழுக்க உக்காரு, நான் கூட்டிகினு போறேன். திரௌபதி அம்மன் திருவிழா வந்தா நம்ம பக்கம் பாரதக் கூத்து உண்டே. துரியோதனன் வர்றதைப் பாரு. ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடிச்சிகினு நிப்பாங்க. துணிக்கு மேல கிரீட நுனி மட்டும் தெரியும், கீழ சலங்கை கட்டின காலு தெரியும். ஆளு மூஞ்சைக் காட்டாம உள்ளேயே பாடுவான், ஆடுவான். மொகவீணை கீச்சுகீச்சுன்னு ஊதும், மத்தளம் எகிறும். இவ்ளோ பெரிய ராஜா ஒரு முழத் துணிக்குப் பின்னால நின்னுகினு ஊரையே காக்க வைப்பான். அப்பறம் துணி விலகும். பொம்பளைங்க குழந்தையை இழுத்து மடியில போட்டுக்குவாங்க. அங்க மார்க் இருக்குது, குறிச்சிக்க. உடனே கோமாளி கட்டியங்காரன் பக்கத்துல வந்து, ராஜாவே உங்க மீசை கழண்டுகிச்சுன்னுவான். பயந்த ஜனம் சிரிக்கும். ராஜாவையே கிண்டல் பண்றானே, அவன்தான் மெய்யான நடுவர். செய்யாறு பக்கம் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானுக்கு டெல்லி சங்கீத நாடக அகாடமி விருது குடுத்துது. அதுக்கு எத்தனையோ வருசம் முன்னாடியே, விடியக்காலம் மூணு மணிக்குத் தூங்காம உக்காந்த ஜனம் குடுத்துட்டுது.

வெளிநாட்டுக்காரன் இதுல நம்மளைவிட முரடன். அந்தக் காலத்துல நியூயார்க்ல பல்சுவைக் கொட்டகையில கத்துக்குட்டிங்களை ஏத்தி விடுவாங்களாம். ஆட்டம் புடிக்கலைன்னா ஜனம் கத்தும், ஓரத்துல இருந்து நீளமா ஒரு கொக்கி வரும், ஆளை இடுப்போட இழுத்துகினு போயிடும். நீ அந்த ஐடியாவை மேனேஜர் கிட்ட சொல்லித் தொலைச்சுடாதே, நம்ம ஃபேப்ரிகேஷன்ல அரை மணியில செஞ்சு குடுத்துடுவாங்க. அதே ஊர்ல அப்பல்லோன்னு ஒரு தியேட்டர். 1934-ல எலா ஃபிட்ஜெரால்டுன்னு ஒரு பொண்ணு, வயசு 17, ஆடறதுக்குப் பேர் குடுத்துட்டு வந்துது. தனக்கு முன்னாடி ஆடின அக்கா தங்கச்சியைப் பார்த்துட்டுக் கால் வரல. மேடையில நின்னு ஆட்டத்தை விட்டுட்டுப் பாட்டுப் பாடிச்சு. ஜெயிச்சுது, உலகமே கேட்ட பாடகி ஆச்சு. லிஸ்டுல நடனம்னு எழுதியிருக்குது, தகுதி இல்லைன்னு அன்னிக்கு எவனாச்சும் சிவப்பு மையால அடிச்சிருந்தா? செக்யூரிட்டி பெரியவருக்குக் கம்பு நழுவிட்டு, அவரு சிரிச்சிகினே ஒரு பாட்டு எடுத்தாருன்னா, நீ ரூல் புக்கைத் தேடாதே. காதைக் குடு.

அப்பறம் அந்த ஒடிசா, பீகார் பசங்க. பாஷை புரியலைன்னு ரெண்டு மார்க் கொறைக்கலாம்னு தோணும். ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரா போனா உனக்கும் பாஷை கிடையாது, மறந்துடாதே. நாடகக்காரங்க தெலுங்கையும் தமிழையும் கலந்து விட்டப்போ நம்ம ஊர்ல யாரும் அர்த்தம் கேக்கல, பக்கத்துல இருக்கிறவன் தொடையில தாளம் போட்டா சரின்னு விட்டாங்க. ஊரை விட்டு ஆயிரம் மைலு வந்து, பன்னெண்டு மணி நேரம் சூட்டுல நின்னுட்டு, ஷிப்டு முடிஞ்சு ஒரு ரூமுல பத்து பேர் படுத்துகினு, அதுக்கு நடுவுல நாலு பேர் ஒண்ணா கால் எடுத்து வைக்கக் கத்துக்கினு வர்றானுங்க. அந்த நாலு காலும் ஒரே நேரத்துல தரையில விழுதான்னு மட்டும் பாரு. அதுக்கு ஒடியா தெரிய வாணாம்.

மச்சானை இன்னா பண்றதுன்னுதானே முழிக்கறே? நல்லாப் பாடினா குடு. மேனேஜர் மச்சானா பொறந்தது அவன் குத்தம் இல்ல. மோசமாப் பாடினா, சிறந்த ஒலி ஒளி அமைப்புன்னு புதுசா ஒரு பரிசு உண்டாக்கி அதைக் கையில குடுத்துடு. மேனேஜருக்கும் பெருமை, பாட்டுக்கும் பங்கம் இல்ல. இந்த மாதிரி பரிசு நாட்டுல நெறைய பேர் வாங்கி ஷோகேஸ்ல வச்சிருக்காங்க, உனக்கு மட்டும் பாவம் வந்துடாது.

எல்லாம் முடிஞ்சு மறுநாள் கேன்டீனுக்குப் போ. தட்டை எடுத்துகினு தனியா ஒரு பெஞ்சுல உக்காரு. தோத்தவனும் பக்கத்துல வந்து உக்காந்தா, மார்க் சரியாப் போட்டேன்னு அர்த்தம். ஜெயிச்சவன் மட்டும் வந்தா, ஏதோ வாங்கிகினேன்னு ஊர் பேசுதுன்னு அர்த்தம். ஒருத்தனும் வராம, மேனேஜர் மட்டும் வந்து உன் தோள்ல கையைப் போட்டாருன்னா, அடுத்த வருசமும் நீதான் நடுவர். அன்னிக்கே லீவு லெட்டர் எழுதி வச்சிக்க.