பச்சை ரத்தம் பரவாயில்லை

டிவியில் முத்தக்காட்சி வந்தால் நம் அப்பாக்களுக்குத் திடீரென்று கைகால் ஓடாது. ரிமோட்டைத் தேடுவார்கள், இருமுவார்கள், "போய்த் தண்ணி கொண்டாடா" என்று பையனை அடுக்களைக்கு விரட்டுவார்கள். பண்பாடு பிழைத்தது. அந்தப் பையன் பக்கத்து அறையில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' ஆடிக்கொண்டிருந்தவன். 2013-இல் வந்த கேம். அதில் ஒரு கட்டத்தில், நாற்காலியில் கட்டிப்போட்ட ஒருவனைச் சித்திரவதை செய்ய வேண்டும். வேடிக்கை பார்த்தால் போதாது. குறடால் பல்லைப் பிடுங்க, கையிலிருக்கும் கன்ட்ரோலரைப் பையனேதான் ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும். பல் வரும். அப்பா அடுத்த அறையில் அபிராமி அந்தாதி கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த டப்பாவின் முகப்பில் ஐரோப்பிய வாரியம் சிவப்புக் கட்டம் கட்டி 18 என்று போட்டிருக்கிறது. பத்து வயதுப் பையனோடு கடைக்கு வரும் அப்பா அதைக் கவனிப்பதில்லை என்று சொல்லிவிடாதீர்கள். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு கடைக்காரரிடம், "ஏம்ப்பா, ஒரிஜினல்தானே?" என்று கேட்கிறார்.

சரி, அரசாவது கேட்கிறதா? சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. ஒரு வசவு வந்தால் ஒலியை அமுக்கும். 2024-இல் யுஏ சான்றிதழையே 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், அவ்வளவு நுட்பம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு இந்தப் பாடு. பிள்ளை மாதக்கணக்கில் குடியிருக்கும் கேமுக்கு அப்படியொரு வாரியம் இந்தியாவில் கிடையாது. பிளே ஸ்டோரில் தெரியும் 12+, 16+ எல்லாம் கேமைச் செய்தவரே நிரப்பும் கேள்வித்தாளிலிருந்து வருபவை. ரத்தம் உண்டா, சூதாட்டம் உண்டா, ஆபாசம் உண்டா? டிக் அடித்தால் எண் விழும். பரீட்சை எழுதியவனே பேப்பரைத் திருத்திக்கொள்வது மாதிரி. தப்பு இருந்தால் பிறகு சரிசெய்வார்களாம். தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் குணமே. அமெரிக்காவில் 1993-இல் 'மோர்ட்டல் காம்பட்' ரத்தத்தைப் பார்த்து செனட் விசாரணை வைத்ததும், அரசு கை வைப்பதற்குள் கம்பெனிகள் 1994-இல் தாங்களே ஒரு வாரியம் வைத்துக்கொண்டன.

நம்மூர்க் கதை இன்னும் ருசி. 2020 செப்டம்பரில் பப்ஜி கேமைத் தடை செய்தார்கள். பிள்ளைகள் கெடுகிறார்கள் என்றா? சேச்சே. நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து என்று. 2021-இல் அதே கேம் பெயரில் 'இந்தியா'வைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. கூடவே சீர்திருத்தமும் வந்தது: சுட்டால் சிவப்பு ரத்தத்துக்குப் பதில் பச்சை ரத்தம். 'கொன்றான்' என்பதற்குப் பதில் 'முடித்தான்'. துப்பாக்கி அதேதான், குறி அதேதான், நெற்றிப்பொட்டும் அதேதான். கீரைச்சாறு நிறத்தில் சாகிறவனைப் பார்த்தால் பிள்ளை மனம் கெடாது என்று எந்த மேதை கண்டுபிடித்தாரோ, அவருக்கு பத்ம விருது கொடுக்கலாம்.

கேம் கம்பெனிக்காரர்கள் இன்னொரு கருணையும் காட்டினார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேமுக்குள் ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது என்றார்கள்! ஒரு நாளைக்கு. மாதம் முழுக்க ஒழுங்காக ஆடினாலும் 2,10,000 ரூபாயைத் தாண்டாது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் அம்மாவுக்கு எவ்வளவு நிம்மதி. பெற்றோர் சம்மதமும் கட்டாயம்தான். பெற்றோரின் போன் நம்பரைக் கொடுக்க வேண்டும். அந்த போன் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பிறந்த வருடம் கேட்டால், கணக்கில் பெயிலாகும் பிள்ளைகூட எந்த வருடத்தைத் தொட்டால் கதவு திறக்கும் என்று மனக்கணக்காகச் சொல்லும்.

கேட்டால், கம்பெனிக்காரர், அதிகாரி, டிவி விவாத நிபுணர் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்." பொய் சொன்னால் திறக்கும் கதவைச் செய்தவனுக்கு லாபம். காவலுக்கு நிற்பது, இரண்டு ஷிப்ட் முடித்து வரும் அப்பா.

அமெரிக்காவில் 'ஃபோர்ட்நைட்' நடத்தும் எபிக் கேம்ஸ், அந்த கேமுக்கு 13 வயதுக்கு மேல் என்ற முத்திரையை வைத்திருந்தது. பிள்ளைகளின் தகவலைப் பெற்றோருக்குத் தெரியாமல் சேர்த்ததற்கும், குழப்பமான பட்டன்களை வைத்துக் காசு பறித்ததற்கும், 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, ஏமாந்தவர்களுக்குத் திருப்பித் தர. இங்கே அப்பாவின் யூபிஐயிலிருந்து பணம் போனால் விசாரணை அன்று ராத்திரியே முடிந்துவிடும். குற்றவாளிக்கு வயது பதினொன்று. அபராதம் பெல்ட்டால் வசூலாகும்.